லைட்டு நயினாரும் பகலில் எரிந்த விளக்கும்

செய்தி திண்டிவனம் பஸ்ஸில்தான் வந்தது. காலை எட்டரை மணி வண்டி செஞ்சிக் கூட்டு ரோட்டில் நின்றதும் கண்டக்டர் படியில் தொங்கியபடியே எங்கள் கார் ஸ்டாண்டைப் பார்த்துக் கத்தினார். “யோவ், உங்க லைட்டு நயினாரு போயிட்டாருய்யா. முந்தாநேத்து. மாரடைப்பாம்.” அவ்வளவுதான். விசில் ஊதினார், பஸ் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. நான் அப்போது காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன் என்று பிறகு சொன்னார்கள்.

ஸ்டாண்டில் ஐந்து கார், ஐந்து டிரைவர். ஐந்து பேரும் உச்சுக் கொட்டினோம். “தங்கமான மனுசன்யா” என்றார் கோவிந்தன். அன்று மத்தியானத்துக்குள் ஸ்டாண்டில் அவர் படத்தை மாட்டுவது என்று முடிவாகிவிட்டது. யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்த படத்திலிருந்து நயினாரின் தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கக் கொடுத்தாயிற்று. படத்துக்கு அடியில் ‘ஒளி தந்த உத்தமர்’ என்று எழுத வேண்டுமாம். திறப்பு விழாவில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்க வேண்டுமாம். ஸ்டாண்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தவன் நான் ஒருவன்தான். “வேலாயுதம், நல்ல தமிழ்ல நாலு வரி எழுதிக் குடு” என்றார்கள்.

நாலு வரியில் முடியாது, ஐயா. முடிகிற விஷயமாக இருந்திருந்தால் மூன்று வருஷத்துக்கு முன்பே நான் வாயால் சொல்லி முடித்திருப்பேன். உத்தமரை இந்த ஊரைவிட்டுத் துரத்தியது யார்? இந்த ஸ்டாண்டு. இந்த ஸ்டாண்டில் முதல் ஆள் யார் என்பதை நான்தான் எழுத வேண்டும். வேறு யாருக்கும் அது தெரியாது.

அவர் பெயர் சாந்தராஜ நயினார். சைனர், அதாவது சமணர். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ சின்னவர். வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லின் மதிலை ஒட்டி, மில் முதலாளிக்குச் சொந்தமான தகரக் கொட்டகையில் உட்கார்ந்து கார், லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் ஐந்து மணி அடித்தால் கொட்டகை மூடிவிடும். நாங்கள் விடுவோமா? “இன்னா நயினாரே, இருட்டுல லைட்டு எப்படி எரியும்னு ஒரு நாளாவது பாத்திருக்கியா?” என்று கேட்போம். அவரும் சளைக்க மாட்டார். “இருட்டுல எரியற லைட்ட குருடனத் தவுத்து எல்லாரும் பாப்பான். பகல்ல எரியற லைட்ட எவன்யா பாக்கறான்? அதுக்குத்தான் நான் இருக்கறேன்” என்பார்.

உண்மையிலேயே அதற்குத்தான் இருந்தார். நிறுத்தி வைத்த காரில் ஏதாவது ஒரு வெளிவிளக்கு தானாக எரிந்துகொண்டே இருக்கும். சுள்ளென்ற வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு எரிந்து பேட்டரியைத் தின்று தீர்த்துவிடும். வண்டியை எடுக்கப் போனால் செத்த பாம்பாகக் கிடக்கும். அந்த விளக்கைப் பிடிக்க நயினார் ஒரு பெரிய கறுப்புக் குடை வைத்திருந்தார். வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குடையை விரித்து, விளக்கையும் தன் தலையையும் சேர்த்து மூடிக்கொள்வார். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு புறங்கையை விளக்குக் கண்ணாடிமேல் வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருப்பார்.

அதற்கும் பிடிபடாவிட்டால் ‘சாட்சி’ வரும். ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், அவ்வளவுதான் அது. பேட்டரியில் ஒரு ஒயரைக் கழற்றி, கழற்றிய இடத்துக்கு நடுவில் அந்தப் பல்பைக் கோத்துவிடுவார். வண்டியில் எங்கேயாவது எதுவாவது கள்ளத்தனமாகக் கரண்டு குடித்தால் பல்பு எரியும். பிறகு ஒவ்வொரு ஒயராகக் கழற்றிக்கொண்டே வருவார். எந்த ஒயரைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, அந்தப் பக்கம்தான் குற்றம். “வண்டி பொய் சொல்லாதுய்யா. ஓட்டறவன்தான் சொல்லுவான்” என்று அவர் அடிக்கடி சொல்வார். அதை நாங்கள் தமாஷாக எடுத்துக்கொண்டு சிரிப்போம்.

இப்போது படத்துக்கு ஓடியாடி ஏற்பாடு செய்கிற கோவிந்தனுக்கு ஒன்று நினைவிருக்கும். அப்போது அவர் ஒரு கான்ட்ராக்டரின் ஜீப் ஓட்டினார். நிறுத்தி வைத்தால் சின்ன விளக்குகள் தானாக எரிந்தன. இரண்டு ஊரில் காட்டியும் யாருக்கும் பிடிபடவில்லை. நயினார் ஜீப்பைத் தொடவே இல்லை. “ஏறு, ஒரு ரவுண்டு ஓட்டு” என்றார். சிங்கவரம் போய்த் திரும்புவதற்குள் கண்டுபிடித்துவிட்டார். விளக்கு சுவிட்சு இழுக்கிற குமிழ். கோவிந்தன் தன் வெற்றிலைப் பையை அதில்தான் மாட்டி வைப்பார். பாக்கு, சுண்ணாம்பு டப்பா, பாக்குவெட்டி எல்லாம் சேர்ந்து நல்ல கனம். ரோட்டில் குலுங்கக் குலுங்க அது குமிழை ஒரு படி வெளியே இழுத்துவிடும்.

“இன்னாய்யா கோவிந்தா, இது சுவிட்சா கொக்கியா? ஒன் பொண்டாட்டி வீட்டுல ஆணியே அடிக்கலியா?” என்று ஸ்டாண்டு நடுவில் நின்று நயினார் கேட்டார். ஸ்டாண்டே விழுந்து விழுந்து சிரித்தது. அவரிடம் இருந்த ஒரே கெட்ட குணம் இது. எவன் முட்டாள்தனத்தையும் மூடி வைக்கத் தெரியாது. நாலு பேர் எதிரில் போட்டு உடைத்துவிடுவார். கோவிந்தன் அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் பையை எடுத்தார், ஆனால் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. பிறகு நான் செய்த காரியத்துக்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

இனி என் கதை. நான் மில் முதலாளியின் வாடகைக் காரை ஓட்டுகிறேன். திருவண்ணாமலை ரோட்டில் ஒரு நாள் பிரேக் பிடிக்காமல் போய், வண்டியை ஒரு வைக்கோல் போரில் கொண்டுபோய்ச் சொருகினேன். யாருக்கும் அடியில்லை. ஆனால் என் மனைவி சரோஜா மூன்று நாள் சோறு தின்னவில்லை. மேல்மலையனூர் போய், அம்மன் காலடியில் வைத்து வாங்கிய கயிறு ஒன்றைக் கொண்டுவந்தாள். விரல் பருமனுக்கு முறுக்கிய பருத்திக் கயிறு, மஞ்சளில் தோய்த்தது. “ஸ்டீரிங்ல கட்டாத. எது ஒன்ன உட்டுட்டுப் போச்சோ அதுல கட்டு. பிரேக்குல கட்டு” என்றாள்.

பெடலில் எதையும் கட்டக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. அதற்கு முந்தைய வருஷம் வேறொரு டிரைவர் வைத்த எலுமிச்சம்பழம் உருண்டு பிரேக்குக்கு அடியில் போய் மாட்டி, வண்டி பாலத்துக் கட்டையில் மோதியது. அந்த டிரைவரை அன்றைக்கே அனுப்பிவிட்டார். “எவனாவது பெடல்ல கயிறு, பழம்னு எதுனா கட்டனா, சாவிய ஆணியில மாட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம்” என்று எங்களிடம் சொல்லியிருந்தார். அது தெரிந்தும் கட்டினேன். கயிறு தொங்கினால் தெரிந்துவிடும் என்று பெடல் தண்டில் ஒரு சுற்று சுற்றி, இழுத்து, அடியில் இருந்த இரும்புப் பட்டையோடு சேர்த்து முடிபோட்டு, மேலே ரப்பர் மிதியடியைப் போட்டு மூடினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கயிற்றுக் கட்டில் மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? தொய்ந்து கிடந்த கயிறு விறைத்து இறுகிக்கொள்ளும். காய்ந்ததும் பழையபடி தளரும். என் கயிறும் அதைத்தான் செய்தது. வெள்ளிக்கிழமை தோறும் காரைக் கழுவி, உள்ளே மஞ்சள் நீர் தெளிப்பேன். மிதியடிக்கு அடியில் கயிறு ஊறும், இறுகும், பெடலை அரை விரல் அளவுக்கு உள்ளே இழுக்கும். பிரேக் பிடிக்க அது போதாது. ஆனால் பின்னால் பிரேக் விளக்கு எரிய அது போதும். அந்த வண்டியில் சாவி போடாமலே பிரேக் விளக்கு எரியும். சனிக்கிழமை காலையில் பேட்டரி செத்திருக்கும். திங்கட்கிழமை நயினாரிடம் கொண்டுபோகும்போது கயிறு காய்ந்து, தளர்ந்து, ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கும்.

மூன்று முறை பார்த்தார். குடை பிடித்தார், கை வைத்தார், சாட்சியைக் கோத்தார். பல்பு எரியவே இல்லை. ஒரு பழைய ஒயரை மாற்றினார். பின்விளக்கைக் கழற்றித் துரு சுரண்டினார். முதலாளி ஏளனமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது முறை நயினார் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

“வெள்ளிக்கிழம இந்த வண்டிய இன்னா பண்ற?”

“கழுவறேன்.”

“கழுவறது மட்டும்தானா?”

“மட்டும்தான்.”

“வேற எதுனா இருந்தா சொல்லுய்யா. சிரிக்கமாட்டேன்.”

“இன்னா நயினாரே, என்னையே சந்தேகப்படறியா?” என்றேன். கோபம் வந்தவன்போல் குரலை உயர்த்தினேன். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். “சரி. வர்ற அமாவாசைக்கு மொதலாளியோட அம்மாவ மலையனூருக்கு அழைச்சிட்டுப் போறியாமே. அங்க வண்டிய நிறுத்துனதும் பேட்டரி ஒயர கழட்டி வெச்சிடு. எது குடிக்குதுன்னு தெரியற வரைக்கும் அதான் வைத்தியம்” என்றார். கொட்டகைக்குள் போய், முதலாளி கேட்டபோது “வண்டி ஓடும்” என்று சொல்லிவிட்டார். நான் ஒயரைக் கழற்றுவேன் என்று நம்பித்தான் சொன்னார்.

மாணவர்கள் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தார்களே, அந்த வருஷத்து ஆடி அமாவாசை. மேல்மலையனூரில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஸ்பெஷல் பஸ்களும் மாட்டு வண்டிகளுமாக ஊர் எல்லை வரைக்கும் நின்றன. விடியும் முன்பே போய்ச் சேர்ந்து, குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து வண்டியைக் கழுவினேன். மஞ்சள் நீரை உள்ளே தாராளமாகத் தெளித்தேன். முன்னும் பின்னும் கொத்துக் கொத்தாக வேப்பிலை கட்டினேன். பின்விளக்கு இரண்டும் வேப்பிலைக்குள் மறைந்துவிட்டன. பேட்டரி ஒயர் நினைவுக்கு வரவில்லையா என்று கேட்காதீர்கள். வந்தது. ஆனால் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், கை கறையாகும். அதோடு, வண்டியில் அம்மன் கயிறு இருக்கும்போது நயினாரின் வைத்தியம் எதற்கு என்றும் ஒரு எண்ணம். இரண்டையும் எழுதிவிட்டேன், எது பெரிய காரணம் என்று எனக்கே தெரியாது.

மத்தியானம் மூன்று மணிக்கு முதலாளியின் தாயார் கூட்டத்தில் மயங்கி விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல்கூட இல்லை. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். தள்ளச் சொன்னேன். கூட்டத்திலும் மணலிலும் எங்கே தள்ளுவது? கூட வந்திருந்த முதலாளி என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். கடைசியில் அந்த அம்மாளை ஒரு ஸ்பெஷல் பஸ்ஸில் ஏற்றிச் செஞ்சிக்குக் கொண்டுவருவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் ஒரு கையும் ஒரு காலும் பேச்சும் போயின. சீக்கிரம் வந்திருந்தால் மட்டும் சரியாகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதை யார் காதில் வாங்கினார்கள்?

காரை மாடு கட்டி இழுத்து வந்து மில் முற்றத்தில் விட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு நயினாரைக் கூப்பிட்டு அனுப்பினார் முதலாளி. ஸ்டாண்டுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மில் ஆட்கள் மதிலோரம் நின்றார்கள். நயினார் குடையோடும் வேறொரு பேட்டரியோடும் வந்தார். பேட்டரியை வைத்து, சாட்சியைக் கோத்தார். பல்பு எரிந்தது. கூட்டம் ‘ஆ’ என்றது. வேப்பிலையைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் குடையைப் பிடித்துப் பார்த்தார். “பிரேக் லைட்டு” என்றார். நேராகக் கதவைத் திறந்து, மிதியடியைத் தூக்கினார். கீழே ஈரம் இன்னும் சொதசொதவென்று இருந்தது. குனிந்து கையை உள்ளே விட்டார்.

அந்தக் கையை வெளியே எடுக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. கயிறு கையில் தட்டுப்பட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார்.

“வேலாயுதம், நீ எதுனா சொல்லணுமா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார். என் மூன்று பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். ஆணியில் மாட்டிய சாவி நினைவுக்கு வந்தது. அப்போது நான் சொன்னதை இன்றைக்கு எழுதவே கை கூசுகிறது.

“நான் இன்னா சொல்றது? லைட்டு பாக்கறவன் நீதான?” என்றேன்.

அவர் மறுபடி குனிந்தார். பேனாக்கத்தி ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கும். பல்பு அணைந்தது. எழுந்தபோது அவர் வலது கை மூடியிருந்தது. அது அப்படியே வேட்டி மடிப்புக்குள் போனதை என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. முதலாளியைப் பார்த்து, “சுவிட்சு ஸ்பிரிங்கு இறுகிப் போயிருந்துது மொதலாளி. நாந்தான் பாக்காம உட்டுட்டேன்” என்றார்.

முதலாளி கையை ஓங்கிவிட்டார், அடிக்கவில்லை. “பொழுது சாயறதுக்குள்ள சாப்புடுவல்ல? அதுக்குள்ள கொட்டகைய காலி பண்ணிடு” என்றார். பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் நயினாரின் சாமான்கள் ஒரு மாட்டு வண்டியில் ஏறிவிட்டன. நாங்கள் ஐந்து பேரும் புளிய மரத்தடியில் நின்று பார்த்தோம். “இன்னா நயினாரே, கொக்கியா ஸ்பிரிங்கா?” என்று கோவிந்தன் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஐயா, நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் சந்தேகப்படுவார்களோ என்று பயந்து சிரித்தேன்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வெயில் இன்னும் இருந்தது. சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார். காலில் விழப் போனேன். “எழுந்திரு, நடிக்காத” என்றார். வேட்டி மடிப்பிலிருந்து கயிற்றை எடுத்து என்மேல் வீசினார். ஒரு பக்கம் கத்தியால் அறுபட்டிருந்தது. என் முடிச்சு அப்படியே இருந்தது.

“எனக்காக இப்படிப் பண்ணிட்டியே...” என்று ஆரம்பித்தேன்.

“ஒனக்காகவா? ஒன் மூஞ்சிக்காகவா?” அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. “மலையனூரம்மா கயிறுதான் மொதலாளியோட அம்மாவ படுக்க வெச்சிச்சின்னு, நான் எடுத்துக் காட்டணுமா? அத்தினி பேரு எதிர்ல? நான் சைனன்யா. சாமிய அவமானப்படுத்திட்டான்னு கெளம்புவானுங்க. எங்க தெருவுல எங்க ஆளுங்க வீடு ஏழு இருக்குது. அதையே நீ சொல்லியிருந்தா, கட்டனவன் சொல்றான்னு அதோட போயிருக்கும். நீ சொல்லுவன்னு கைய உள்ளயே வெச்சினு இருந்தேன். நூறு எண்ணனேன்யா. நூறு வரைக்கும் எண்ணனேன்.”

நான் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். “நாளைக்கு சொல்லிடறேன்” என்றேன். “எதுக்கு? நான் பொய் சொன்னேன்னும் ஆவட்டும்னா? போ” என்றார். போய்விட்டேன். அவர் போ என்று சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? மூன்று வருஷம் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு செஞ்சியில் எவனும் அவரிடம் வண்டியை விடவில்லை. அவர் திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து, வெயிலில் உட்கார்ந்து தொழில் செய்தார். தலைக்குமேல் அந்தக் குடையைக் கட்டியிருந்தார். இந்த ஸ்டாண்டின் யோக்கியதையைக் கேளுங்கள். நாங்கள் இங்கே இருக்கும்போது ‘அவனுக்கு என்னய்யா தெரியும்’ என்று பேசுவது. ஒயரிங் கோளாறு என்றால் சவாரி போகிற சாக்கில் திண்டிவனம் போய் அவரிடமே காட்டிக்கொண்டு வருவது. ஐந்து வண்டியும் போயிருக்கிறது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டோம். கோவிந்தன் வண்டியை அங்கே நானே இரண்டு தடவை பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார், நானும் திருப்பிக்கொண்டேன்.

நான் போனால் நயினார் பேச மாட்டார். வேலையைச் செய்வார். ஹாரன் கோளாறு என்று போனாலும் சரி, முன்விளக்கு மங்கல் என்று போனாலும் சரி, முதலில் கதவைத் திறந்து, மிதியடியைத் தூக்கி, பெடலுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்ற வேலை. எல்லாத் தடவையும் அப்படித்தான். ஒரு முறை பொறுக்க முடியாமல், “இப்ப எதுவும் கட்டறதில்ல நயினாரே” என்றேன். “நீ சொன்னா ஆச்சா?” என்றார். கடைசியாக நான் அவர் வாயிலிருந்து கேட்ட பேச்சு அதுதான்.

கண்டக்டர் செய்தி சொன்ன மறுநாள் திண்டிவனம் போனேன். எல்லாம் முடிந்திருந்தது. அவர் மனைவி பத்மாவதி அம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். குடை சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. ஏதோ சொல்ல வேண்டுமே என்று, “நல்ல தொழில்காரரு” என்றேன்.

“இன்னா நல்ல தொழில்காரரு!” என்றார் அந்த அம்மாள். அழுது ஓய்ந்த குரல். “ஒரு ஸ்பிரிங்க பாக்காம உட்டு, சொந்த ஊர உட்டு எங்கள இங்க கொண்டாந்து வெயில்ல போட்டாரு. மூணு வருசம் இதத்தான் சொல்லிச் சொல்லி காட்டனேன் தம்பி. சோறு போடும்போதெல்லாம் சொல்லிக் காட்டனேன். ஒங்க கவனக்கொறைவாலதான இந்த கெதின்னு. ஆமா, என் தப்புதான்னு சொல்லிட்டு சாப்ட்டு எழுந்திருப்பாரு.”

அந்த வீட்டிலேகூட அவர் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. நூறு எண்ணும் வரை எனக்காக வைத்திருந்த வார்த்தையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. அந்த அம்மாள் என் எதிரில் உட்கார்ந்து, செத்துப்போன புருஷனின் கவனக்குறைவைச் சொல்லி அழுகிறார். நான் என்ன செய்தேன்? தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன். “வரேம்மா” என்றேன். மறுபடியும் சொல்லாமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எதிரில் கேட்கிறவர் முகத்தைப் பார்த்து இந்த வாய் சொல்லாது என்று அன்றைக்குத்தான் ஒழுங்காகப் புரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்டாண்டுக்காரர்களே, படத்தை மாட்டுங்கள். ஆனால் ‘ஒளி தந்த உத்தமர்’ வேண்டாம். அவர் இருந்திருந்தால் குடைக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்திருப்பார். ‘சாந்தராஜ நயினார், ஒயரிங் வேலை, செஞ்சி’ என்று மட்டும் எழுதுங்கள். செஞ்சி என்பதை விட்டுவிடாதீர்கள்.

முதலாளி அவர்களுக்கு: ஸ்பிரிங் இறுகவில்லை. அந்த மனிதர் எதையும் பார்க்காமல் விடவில்லை. கயிறு நான் கட்டியது. ஒயரைக் கழற்றி வை என்று அவர் சொல்லியும் கழற்றாதவன் நான். என் மனைவியை ஒன்றும் சொல்ல வேண்டாம். கயிறு நனையும் என்று அவளுக்குத் தெரியாது. உங்கள் தாயார் படுத்திருக்கும் அறைப் பக்கம் இந்த மூன்று வருஷமாக நான் ஏன் வந்ததே இல்லை என்று ஒரு தடவை கேட்டீர்கள். பதில் இதுதான்.

பத்மாவதி அம்மாவுக்கு: அச்சாகும் முதல் புத்தகத்தை நானே கொண்டுவந்து கொடுப்பேன். நீங்கள் படித்து முடிக்கும் வரை வாசலில் நிற்பேன். அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும், சரி.

நாளைக்குச் சவாரி எடுக்க வண்டியைத் தேடாதீர்கள். கழுவித் துடைத்து மில் முற்றத்தில் நிறுத்தியிருக்கிறேன். உள்ளே தண்ணீர் தெளிக்கவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டேன். பின்னால் போய், அவர் செய்வதுபோலப் புறங்கையை விளக்கின்மேல் வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. சாவியை ஆபீஸ் ஆணியில் மாட்டியாயிற்று. அவருடையது என்று என்னிடம் வேறு எதுவும் கிடையாது, கயிறு இருக்கிறது. ஒரு முனையில் என் முடிச்சு, மறுமுனையில் அவர் அறுத்த இடம்.